லத்தினோ குடியேறிகள், சாப்பாடு, மனசு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம். நான் டயட்டீஷியன், கலிஃபோர்னியால ஃப்ரெஸ்னோ பக்கம் ஒரு சமூக கிளினிக்ல 11 வருஷமா இருக்கேன். என்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசி மெக்ஸிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ்ல இருந்து வந்த லத்தினோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளி ஆளுங்க, திராட்சைத் தோட்டம், பேக்கிங் ஷெட், ஹோட்டல் கிச்சன்னு உடம்பொடிய உழைக்கறவங்க. நிறைய பேர் தனித்தனியா கேக்கறதால மொத்தமா பதில் சொல்லிடலாம்னு ஒக்காந்துட்டேன். மருந்து டோஸ் கேக்காதீங்க, நான் டாக்டர் இல்ல. விசா, க்ரீன் கார்டு வக்கீல் வேலை. நோயாளிங்க பத்தி சொல்ற எடத்துல அடையாளத்த மாத்திருக்கேன்.

கோவை மாணவி: அக்கா நான் எம்எஸ்சி சைக்காலஜி. ஊர விட்டு வந்தவங்களுக்கு டிப்ரஷன் அதிகமாத்தான இருக்கும்? லத்தினோக்கள்லயும் அப்படித்தான?

அப்படித்தான் எல்லாரும் நெனைக்கறோம்மா, ஆனா எண்ணிப் பாத்தப்ப தலைகீழா வந்துச்சு. வில்லியம் வேகாங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் இதே எங்க ஃப்ரெஸ்னோ கவுன்ட்டில மெக்ஸிகோ வம்சாவளி ஆளுங்க 3000 பேர நேர்ல பாத்துப் பேசி 1998ல வெளியிட்டாங்க. அமெரிக்காவுல பொறந்தவங்கள்ல 48 சதவீதம் பேருக்கு வாழ்க்கைல எப்பவாவது ஒரு மனநலப் பிரச்சினையோ குடி, போதைப் பிரச்சினையோ வந்திருந்துச்சு. மெக்ஸிகோல பொறந்து வந்தவங்கள்ல 25 சதவீதம்தான். வந்து 13 வருஷத்துக்குள்ள இருக்கறவங்கள மட்டும் பாத்தா 18, அதுக்கு மேல இருந்துட்டவங்கன்னா 32. வர்றப்ப நல்லாத்தான் வர்றாங்க, இங்க இருக்க இருக்கத்தான் கெடுது.

சாப்பாட்டுலயும் இதே கதைதான். புதுசா வந்தவங்க பீன்ஸ், பழம் நெறைய சாப்பிடறாங்க, சர்க்கரை பானம் கம்மி. வருஷம் ஆக ஆக அது மாறுது. 2008ல இருந்து 2011 வரைக்கும் ப்ராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ நாலு ஊர்ல 16,000 பேர வச்சு ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க, அதுல இங்க இருந்த வருஷம் கூடக்கூட சுகரும் கூடிட்டு போச்சு. சுகர் வியாதி இருந்தது மெக்ஸிகோக்காரங்கள்ல 18 சதவீதம், தென் அமெரிக்காக்காரங்கள்ல 10 சதவீதம் பேருக்கு. அதனால லத்தினோன்னு எல்லாரையும் ஒரே மூட்டைல கட்டி அசைன்மென்ட் எழுதாத. மெக்ஸிகோல ஓஹாகா மாநிலத்துல இருந்து வர்ற மிஷ்டெக், த்ரீக்கி பூர்வகுடி ஆளுங்க பல பேருக்கு ஸ்பானிஷே சரியா வராது, கிளினிக்ல ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர வச்சுட்டு எல்லாம் புரிஞ்சிருச்சுன்னு நாம தலையாட்டிட்டு இருப்போம், அவங்களும் பாவம் மரியாதைக்கு தலையாட்டிட்டு போயிருவாங்க.

ஏன் கெடுதுன்னு அடுத்து கேப்பே. ஒருத்தரப் பத்தி சொல்றேன். அம்பது வயசு, திராட்சை காயப்போடற சீசன்ல ஆகஸ்ட் வெயில்ல வேலை. எட்டு பேர் ஒரு வீட்டுல, ஒரே அடுப்பு. இவரு முறை வர ராத்திரி ஒம்பதரை ஆயிரும், அதனால சமைக்கறதே இல்ல, லோஞ்செரான்னு சொல்ற சாப்பாட்டு வண்டில பெரிய புரீட்டோவும் (ரொட்டிக்குள்ள சாப்பாட்ட வச்சு சுத்தினது) ஒரு கோக்கும் வாங்கி பிக்அப் ட்ரக்குக்குள்ளயே ஸ்டியரிங் மேல பேப்பர விரிச்சு வச்சு சாப்பிட்டு முடிச்சுட்டு அப்புறம் வீட்டுக்குள்ள போவாரு. மூணு மாச சராசரி சுகர் (எச்பிஏ1சி) 9.8. நான் தட்டு படத்த காட்டி பாதி காய்கறி, கால் மாவுன்னு சொல்லிட்டு இருந்தேன். அவரு அமைதியா கேட்டுட்டு "எதுவுமே ருசி தெரியலைங்க செஞ்யோரா"ன்னாரு. அப்பத்தான் யாருகூட சாப்பிடறீங்கன்னு கேக்கணும்னே எனக்குத் தோணுச்சு. ஊர்ல அம்மா கையால கடைசியா சாப்பிட்டு பதினாறு வருஷம் ஆச்சாம், அம்மா செத்தப்பகூட போக முடியல, போனா திரும்பி வர முடியாது. அன்னைல இருந்து என் முதல் கேள்வி என்ன சாப்பிடறீங்க இல்ல, யாருகூட சாப்பிடறீங்கதான்.

ஹூஸ்டன் ரெசிடென்ட் டாக்டர்: மேடம், ஒரு பேஷன்ட் தனக்கு சுகர் வந்ததே சுஸ்டோவாலன்னு அடிச்சு சொல்றாங்க. நான் மரபணு, உடல் எடைன்னு விளக்கினா மூஞ்சி திரும்பிருது. எப்படி புரிய வைக்கறது?

புரிய வைக்கற அவசரத்த கொஞ்சம் விடுங்க டாக்டர். சுஸ்டோன்னா பயம், திடுக்கிட்டதுல உசுரு உடம்ப விட்டு விலகிருச்சுங்கற நம்பிக்கை. நெர்வியோஸ், கொராஹேன்னு இன்னும் ரெண்டு கேப்பீங்க, நரம்புத் தளர்ச்சி மாதிரி ஒண்ணு, அடக்கி வச்ச கோவம் ஒண்ணு. மனநல நோய்களப் பட்டியல் போடற டிஎஸ்எம்-5 புத்தகத்துலயே சுஸ்டோவும் நெர்வியோஸும் இருக்கு, எடுத்துப் பாருங்க. நம்ம ஊர்ல கொழந்த பயந்துக்கிச்சுன்னு மந்திரிச்சு கயிறு கட்டறோமே, முட்டைய சுத்திப் போடறோமே, அங்கயும் குரந்தேரான்னு ஒரு பாட்டி முட்டைய உடம்பெல்லாம் தடவி தண்ணில உடைச்சுப் பாப்பாங்க. ஆக நமக்கு இது புதுசில்ல, வெள்ளக்கார டாக்டர விட நீங்க லேசா புரிஞ்சுக்கலாம்.

நான் பண்றது இது. "அன்னைக்கு என்ன நடந்துச்சு"ன்னு மட்டும் கேப்பேன். பாலைவனத்துல வழி தவறின ராத்திரியா இருக்கும், புருஷன வேலை எடத்துலயே பிடிச்சுட்டு போன காலையா இருக்கும். பதினஞ்சு வருஷமா யாருகிட்டயும் சொல்லாதது வெளிய வரும். கேட்டு முடிச்சுட்டு, பயம் வந்தா கார்ட்டிசால், அட்ரினலின்னு ஹார்மோன் ஏறும், அது ரத்தத்துல சர்க்கரைய ஏத்தும், உள்ள ஏற்கனவே வளந்துட்டு இருந்தத அந்த பயம் வெளிய காட்டியிருக்கலாம்னு சொல்வேன். இதுல பொய் ஒண்ணுமில்ல, அவங்க கதையையும் நாம தூக்கிப் போடல. அதுக்கப்புறம் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் பத்தி சொன்னா காது குடுத்து கேப்பாங்க.

இன்னொண்ணு, மெக்ஸிகோல பயந்தவங்களுக்கு ஒரு பொலீய்யோ குடுப்பாங்க, நம்ம பன்னு மாதிரி மேல மொறுமொறுன்னு இருக்கற வெள்ள ரொட்டி. நிலநடுக்கம் வந்தா, ஆக்ஸிடென்ட் பாத்தா, ஒடனே "பயத்துக்கு ஒரு பொலீய்யோ"ம்பாங்க. கவலையோட ரொட்டி சேந்தா கவலை கொஞ்சம் கம்மின்னு பழமொழியே இருக்கு. எப்பவாவது பயந்தா ஒரு ரொட்டி, அதுல தப்பே இல்ல, பக்கத்துல ஒருத்தர் நின்னு குடுப்பாரு பாருங்க, மருந்தே அதுதான். ஆனா இங்க வந்தப்புறம் பயம் தெனமும், ரொட்டியும் தெனமும், குடுக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. டிப்ரஷன் இருக்கான்னு பாக்கற பிஎச்க்யூ-9 கேள்வித்தாள்ல அஞ்சாவது கேள்வி பசியே இல்லையா, இல்ல அளவுக்கு மீறி சாப்பிடறீங்களாங்கறது, அத வேகமா டிக் பண்ணிட்டு தாண்டாதீங்க. "மனசு சரியில்லையா"ன்னா இல்லைம்பாங்க, அதுலயும் ஆம்பளைங்க வாயே தெறக்க மாட்டாங்க. தலவலி, நெஞ்சு அடைப்பு, வயித்துல கட்டின்னு ஒடம்பு வழியாத்தான் வரும்.

பெயர் வேண்டாம்: கீட்டோ டயட் ஒத்து வருமா? எனக்கு 84 கிலோ.

இங்க பேசற விஷயம் வேறங்க. உங்க டாக்டர பாருங்க.

நியூ ஜெர்சி அம்மா: எங்க வீட்டுல பாப்பாவ பாத்துக்கறவங்க ஈக்வடார்ல இருந்து வந்தவங்க. பகல்ல எதுவுமே தொட மாட்டாங்க, ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் கிச்சன்ல நின்னுட்டே நெறைய சாப்பிடறாங்க. ரெண்டு வருஷத்துல எடை ஏறிருச்சு. இப்ப எடை குறையன்னு ஏதோ வேர்த்துண்டு டப்பா ஆன்லைன்ல வாங்கி முழுங்கறாங்க. அவங்க பசங்க ஊர்ல பாட்டிகிட்ட. என்ன பண்றதுன்னு தெரியல.

முதல்ல அந்த டப்பா. தயவுசெஞ்சு இதப் படிக்கற எல்லாரும் இத மட்டுமாவது ஞாபகம் வச்சுக்குங்க. டெஹொகோட்டே வேர்னு பேர் போட்டு வர்றதா பாருங்க. டெஹொகோட்டேங்கறது மெக்ஸிகோல கிறிஸ்துமஸுக்கு சூடா போடற பழக் கஷாயத்துல சேக்கற சின்ன மஞ்சப் பழம், அதுல ஒரு கெடுதலும் இல்ல. ஆனா அந்தப் பேர்ல எடை குறைப்புன்னு வித்த பத்து டப்பாவ வாங்கி சோதிச்சதுல ஒம்பதுல இருந்தது மஞ்சள் அரளி. 2023ல அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சிடிசி அறிக்கை போட்டாங்க, 2024 ஜனவரில உணவு, மருந்து கண்காணிக்கற எஃப்டிஏ எச்சரிக்கை விட்டாங்க. "நுவெஸ் தெ லா இந்தியா"ன்னு, அதாவது இந்தியாக் கொட்டைன்னு பேர் போட்டும் இதே அரளிக்கொட்டை வருது. அரளி விதைன்னா என்னன்னு நம்ம ஊர்லயும் யாழ்ப்பாணத்துலயும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. இதயத் துடிப்பயே நிறுத்தக்கூடியது. வாந்தி, பேதின்னு ஆரம்பிச்சு துடிப்பு மெதுவாகும், வாந்தி பேதில எடை குறைஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு நம்பி இன்னும் முழுங்குவாங்க. வீட்டுல கொழந்த இருக்கு, கைக்கு எட்டுற எடத்துல ஒரு துண்டுகூட இருக்கக்கூடாது. இன்னைக்கே பாய்சன் கன்ட்ரோல் 1-800-222-1222க்கு போன் போட்டு கேளுங்க, தலை சுத்தல், துடிப்பு மாற்றம் ஏதாவது இருந்தா நேரா எமர்ஜென்சி.

அப்புறம் அந்த ராத்திரி சாப்பாடு. எத்தன மணிக்கு ஊர்ல பசங்ககூட வீடியோ கால் பேசறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க. நான் பாத்த அம்மாக்கள் பாதிப் பேருக்கு போன வச்சதுக்கப்புறம்தான் கை ஃப்ரிட்ஜுக்குப் போகும். அடுத்தவங்க பிள்ளைக்கு பகலெல்லாம் ஊட்டிட்டு தன் பிள்ளை சாப்பிட்டானான்னு ஸ்க்ரீன்ல கேக்கற கொடுமைய நாம லேசா நெனைக்கக் கூடாதுங்க. நீங்க செய்யக்கூடியது, மத்தியானம் அவங்களையும் டேபிள்ல ஒக்கார வச்சு கூட சாப்பிடுங்க. பகல்ல பட்டினி கிடந்தா ராத்திரி அள்ளி அள்ளி சாப்பிடத்தான் தோணும், யாரா இருந்தாலும். அவங்க வேலை நேரத்துல ரெண்டு மணி நேரம் விட்டு ஸ்பானிஷ் பேசற ஒரு கிளினிக்குக்கு போக விடுங்க, சம்பளம் பிடிக்காதீங்க. வருமானத்துக்குத் தகுந்த ஃபீஸ் வாங்கற சமூக கிளினிக் பெரும்பாலும் எல்லா ஊர்லயும் இருக்கு.

டல்லாஸ் இன்ஜினியர்: மேடம் சுத்தி வளைக்காம சொல்லுங்க. டோர்ட்டியா (சப்பாத்தி மாதிரி ரொட்டி), சோறு, பீன்ஸ், எல்லாமே கார்ப். நம்ம ஆளுங்களுக்கு சோறு மாதிரி அவங்களுக்கு டோர்ட்டியா. அத நிறுத்தினா பாதி பிரச்சினை முடிஞ்சுது. மனசு கினசுன்னு ஏன் இழுக்கறீங்க?

டோர்ட்டியாவ நிறுத்துன்னு நாம சொல்லிட்ட நோயாளி யாரும் ரெண்டாவது தடவ என்கிட்ட வந்ததில்ல தம்பி. ஆரம்பத்துல நானும் சொல்லியிருக்கேன், அதனால அனுபவத்துல சொல்றேன்.

சின்ன சோள டோர்ட்டியா ஒண்ணு 50, 60 கலோரி. மக்காச்சோளத்த சுண்ணாம்புத் தண்ணில வேகவச்சு, ராத்திரி ஊறவச்சு, தோலக் கழுவி அரைக்கறாங்க. அதனால கால்சியம் சேருது, சோளத்துக்குள்ள பூட்டிக் கெடக்கற நயசின்ங்கற வைட்டமின் வெளிய வருது. இது தெரியாம வெறும் சோளமாவ தின்ன அமெரிக்கத் தெற்குல நூறு வருஷம் முன்னாடி நயசின் குறைஞ்சு பெல்லாக்ராங்கற நோய் வந்து ஆயிரக்கணக்குல செத்தாங்க. அந்த அறிவு அந்தப் பாட்டிங்க கைல இருந்துச்சு. பீன்ஸோட சேந்தா புரதமும் நாரும் ஆச்சு. கூட நோப்பால், அதாங்க முள்ளு சீவின சப்பாத்திக்கள்ளி. இதுல எத எடுக்கச் சொல்றீங்க? நான் எடுக்கச் சொல்றது 20 அவுன்ஸ் கோக், அதுல 65 கிராம் சர்க்கரை. புரீட்டோ சுத்தற பெரிய மைதா டோர்ட்டியா, அது ஒண்ணே 300 கலோரி.

டல்லாஸ் இன்ஜினியர்: சரி. ஆனா முதல் பதில்ல வர்றப்ப நல்லாருக்காங்கன்னு சொன்னீங்களே, அது வெறும் வடிகட்டல். திடமா இருக்கறவன்தான் பாலைவனத்த தாண்டி வருவான், நோய் வந்தா ஊருக்குத் திரும்பிப் போய் சாவான், அந்த சாவு இங்க கணக்குல வராது. ஏழையா இருந்தும் ஆரோக்கியமா இருக்காங்கன்னு சொல்ற லத்தினோ பாரடாக்ஸ், அந்த முரண்னு ஒண்ணும் இல்ல.

நல்ல கேள்வி, இதுக்கு நேரம் எடுத்து பதில் சொல்றேன். மார்க்கிடஸும் கோரீலும் 1986ல இந்த முரண எழுதினதுல இருந்தே இந்த சந்தேகம் ஓடுது. 1999ல அப்ராயிடோ-லான்சா குழு ஒரு அழகான வேலை செஞ்சாங்க. கியூபாக்காரங்க அப்ப நெனச்சா ஊருக்குத் திரும்பிப் போக முடியாது. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப் பகுதி, அதனால அந்த ஊர்க்காரங்க திரும்பிப் போய் செத்தாலும் அது அமெரிக்கக் கணக்குலதான் வரும். இந்த ரெண்டு கூட்டத்துலயும் சாவு விகிதம் வெள்ளைக்காரங்கள விட கம்மியாவே இருந்துச்சு. அப்ப ஊர் திரும்பறது மட்டும் காரணம் இல்லன்னு ஆச்சு.

டல்லாஸ் இன்ஜினியர்: 2004ல பல்லோனி, அரியாஸ் மெக்ஸிகோக்காரங்களுக்கு அதுதான் காரணம்னு காட்டினாங்களே?

காட்டினாங்க, ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் பாத்தவங்க திரும்பிப் போறது நிஜம், ஆனா மொத்த வித்தியாசத்தையும் விளக்கற அளவுக்கு பெருசு இல்லன்னும் சொல்லியிருக்காங்க. சாவுக் கணக்குல உங்க பக்கம் நியாயம் இருக்குன்னே வச்சுக்குவோம். ஆனா திடமானவங்களாவே வந்தாங்கன்னா, அந்தத் திடமானவங்கள பத்து பதினஞ்சு வருஷத்துல இப்படி ஆக்கறது எது? நீங்க சொல்றது என் கேள்விய இன்னும் பெருசாத்தான் ஆக்குது.

மிச்சிகன் வாசகி: ரெண்டு பேருமே பயத்த விட்டுட்டீங்க. கைது பண்ணிருவாங்கன்னு கடைக்கே போகாத குடும்பம் எங்க தெருவுல இருக்கு.

சரியா சொன்னீங்க சிஸ்டர், இத நான் முதல்லயே சொல்லியிருக்கணும். 2008 மே மாசம் அயோவால போஸ்ட்வில்ங்கற சின்ன ஊர்ல ஒரு இறைச்சி ஆலைல குடியேற்ற அதிகாரிங்க சோதனை போட்டு 389 பேர பிடிச்சாங்க. அதுக்கப்புறம் அந்த மாநிலம் பூரா லத்தினா அம்மாக்களுக்குப் பொறந்த கொழந்தைங்க எடை குறைவா பொறக்கற ஆபத்து முந்தின வருஷத்த விட 24 சதவீதம் கூடினத 2017ல வெளியிட்டாங்க. இங்கயே பொறந்து குடியுரிமை இருக்கற லத்தினா அம்மாக்களுக்கும் கூடியிருந்துச்சு. யாரோ எங்கயோ பிடிபட்ட பயம் வயித்துல இருந்த புள்ளைய எட்டியிருக்கு. எங்க கிளினிக்லயும் அப்படி ஒரு செய்தி பரவின வாரம் பாதி அப்பாயின்ட்மென்ட் காலியா கெடக்கும். வராதவங்களுக்கு போன் போட்டா வீட்டுல இருக்கற அரிசி, சூப் நூடுல்ஸ் வச்சு ஓட்டறோம்பாங்க, காய்கறி வாங்க வெளிய போகணுமே. இதுக்கு டோர்ட்டியா என்ன பண்ணும் தம்பி?

டல்லாஸ் இன்ஜினியர்: இந்த பாயின்ட்ட ஏத்துக்கறேன் மேடம். டோர்ட்டியாவ நிறுத்தணும்னு நான் சொன்னது மைதா டோர்ட்டியாவுக்கு மட்டுமாவது சரிதான்.

மைதா சரி. அதோட இத விட்டுருவோம், நிறைய பேர் காத்திருக்காங்க.

சான் அந்தோனியோ வாசகர்: லத்தினோக்களுக்கு குண்டாயிருவோம்னு பயந்து சாப்பிடாம கிடக்கற அனோரெக்ஸியா மாதிரி எல்லாம் வருமா? எல்லாரும் நல்லா சாப்பிடறவங்களாத்தான் தெரியறாங்க.

அந்த நெனப்பாலதான் யாரும் கேக்கறதே இல்ல. மார்கரீட்டா அலெக்ரியா குழு 2007ல தேசிய அளவுல பாத்து எழுதினாங்க. அனோரெக்ஸியாவும், சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கற புலிமியாவும் கம்மி, ஆனா கட்டுப்பாடு இல்லாம அள்ளிச் சாப்பிடற பிஞ்ச் ஈட்டிங் அதிகம். இங்கயே பொறந்தவங்களுக்கும் வாழ்க்கைல பெரும்பங்கு இங்க கழிச்சவங்களுக்கும் ஆபத்து கூட. பிஞ்ச் ஈட்டிங் தனி நோயா டிஎஸ்எம்ல சேந்ததே 2013லதான். வீட்டுல "கோர்டா", குண்டுன்னு செல்லமா கூப்பிட்டுட்டே தட்டுல இன்னும் ரெண்டு வைப்பாங்க, பள்ளிக்கூடத்துல அதே வார்த்தைய கேலியா கேக்கும் அந்தப் பொண்ணு. பாத்ரூம்ல ஒளிஞ்சு சாப்பிட்ட பதினஞ்சு வயசுப் பொண்ண எனக்குத் தெரியும். அம்மா என்கிட்ட அவளுக்கு டயட் சார்ட் கேட்டாங்க. நான் குடுக்கல, தெரபிஸ்ட்கிட்ட அனுப்பினேன். அந்த நிலைமைல டயட் சார்ட் குடுக்கறது எரியறதுல எண்ணெய ஊத்தற மாதிரி.

பெயர் வேண்டாம் 2: டெஹொகோட்டே வேர் நல்ல கம்பெனியா பாத்து வாங்கினா பரவாயில்லையா?

இல்ல. மேல படிங்க. அது அரளி.

சிகாகோ ஹோட்டல்காரர்: எங்க கிச்சன்ல குவாத்தமாலா தம்பதி, அந்தம்மா ஆறு மாச கர்ப்பம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் கொழந்தைங்களுக்கும் அரசு குடுக்கற விக் சாப்பாட்டு உதவிய வாங்கச் சொன்னா, அப்புறம் க்ரீன் கார்டு கெடைக்காதுன்னு பயப்படறாங்க.

விக் குடியுரிமை நிலைய கேக்கறதில்ல. அரசு உதவி வாங்கினா க்ரீன் கார்டு மறுக்கலாம்னு எல்லாரையும் பயமுறுத்தின 2019 விதிலகூட விக்க கணக்குல எடுக்கல. வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான ஸ்னாப் உணவு உதவி வேற, குடியேற்ற ஆவணம் இல்லாதவங்களுக்கு அது கெடைக்காது. இப்ப என்ன விதின்னு ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டு அந்தப் பதிலோட அனுப்புங்க, உங்க வாய் வார்த்தைய விட அதத்தான் நம்புவாங்க. ஒரு நல்ல சேதியும் சொல்லுங்க, 2009ல இருந்து விக்ல சோள டோர்ட்டியாவும் வாங்கலாம். கர்ப்பத்துல வயித்துக் கட்டு, எம்பாச்சோன்னு யாராவது க்ரேட்டா, அசர்கோன்னு செவப்பு, மஞ்சப் பொடி குடுத்தா தொடக்கூடாது, அதுல பெரும்பாலும் ஈயம்தான்.

டெம்பி வாசகி: டிப்ரஷன் மாத்திரை செர்ட்ரலைன் 50 எடுக்கற என் ஃப்ரெண்டு டோஸ கூட்டலாமா?

எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட கேளுங்க. தானா கூட்டவும் வேண்டாம், திடீர்னு நிறுத்தவும் வேண்டாம்.

பெயர் வேண்டாம் 3: மூணு மாசத்துல 10 கிலோ குறைய லத்தினோ ஃபுட் டயட் சொல்லுங்க.

இதே கேள்வி ஏழாவது தடவ வருது. எடை குறைப்பு பத்தி இனிமே பதில் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. அந்த வேர் டப்பாவ மட்டும் வாங்கிராதீங்க.

ஃப்ரீமான்ட் டீச்சர்: என் கிளாஸ்ல எல் சால்வடோர் பையன் வீட்டு டிபன திருப்பிக் கொண்டு போறான், ஸ்கூல்ல சிப்ஸ் மட்டும் சாப்பிடறான்.

அம்மா காலைல நாலு மணிக்கு எழுந்து புப்பூசா, அதான் உள்ள பூரணம் வச்ச சோள ரொட்டி, தட்டி அனுப்பியிருப்பாங்க, அவன் நாத்தம்னு யாரோ சொன்னத கேட்டிருப்பான். அந்த டப்பா சாயங்காலம் அப்படியே திரும்பி வர்றப்ப அம்மா மனசு என்னாகும்னு பாருங்க, அவங்க உலகத்துல இன்னும் அவங்க கைல இருக்கறது அது ஒண்ணுதான். இந்தப் பசங்கதான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளரும், பாங்க் லெட்டர்ல இருந்து அம்மாவோட டாக்டர் வரைக்கும். ஒன்பது வயசுப் பையன் அம்மாவுக்கு டிப்ரஷன்னு ஸ்பானிஷ்ல சொன்னத நான் நேர்ல பாத்தேன், அதுக்கப்புறம் பசங்கள மொழிபெயர்க்க விடறதே இல்ல. கிளாஸ்ல ஒரு நாள் எல்லாரும் வீட்டு சாப்பாடு கொண்டு வர வைங்க, நீங்களும் உங்க இட்லிய கொண்டு போங்க, அவன் புப்பூசாவ முதல்ல நீங்க கேட்டு வாங்கி சாப்பிடுங்க. டீச்சர் சாப்பிட்டாங்கன்னா போதும்.

ஒஹாயோ வேர்ஹவுஸ் தம்பி: அக்கா, என்கூட வேலை பாக்கற ஹோண்டுராஸ் பையன் லஞ்சுக்கு கார்லயே தனியா ஒக்காந்திருக்கான். ரெண்டு மாசமா சரியா சாப்பிடல, பெல்ட்ல புது ஓட்டை போட்டிருக்கான். எனக்கு ஸ்பானிஷ் வராது.

பெல்ட் ஓட்டைய பாத்திருக்கீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம் தம்பி. நாளைக்கு உங்க டப்பாவ எடுத்துட்டு அவன் கார் பக்கத்துல போய் ஒக்காருங்க. ஏன் சாப்பிடலன்னு கேக்காதீங்க. பலேயாடான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மைதா டோர்ட்டியாவுல பீன்ஸ், க்ரீம் வச்சு மடிக்கறது, அவங்க ஊர் சாப்பாடு, போன்ல படம் காட்டி எங்க நல்லா கெடைக்கும்னு கேளுங்க. நீங்க கொண்டு போனதுல பாதி அவன்கிட்ட நீட்டுங்க, தயிர்சாதமா இருந்தாலும் சரி. மூணு நாலு நாள் அப்படியே போகட்டும். சாவப் பத்தி ஏதாவது பேசினா, இல்ல சாமானெல்லாம் அடுத்தவங்களுக்கு குடுக்க ஆரம்பிச்சா, தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு போன் போட்டு 2 அமுக்குங்க, ஸ்பானிஷ்ல பேசுவாங்க, நீங்க போட்டு அவன்கிட்ட குடுங்க. அவனா போட மாட்டான். ரெண்டு மாசமா எடை இறங்குதுன்னா சுகர், தைராய்டும் பாக்கணும், மனசுன்னே முடிவு பண்ணிராதீங்க.

அடுத்த வாரம் என்னாச்சுன்னு எழுதுங்க தம்பி, காத்துட்டு இருப்பேன். மத்தவங்க கேள்விய ஞாயித்துக்கிழமை பாக்கறேன், ஏழு மணிக்கு முதல் ஆள் வந்துருவாங்க, கிளம்பணும்.